பெரிய பூட்ஸின் நடை

சின்ன பூட்ஸ் என்று கூப்பிடப்பட்டவன் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அந்த வீட்டுக் கதவு மறுபடியும் சாயங்கால நேரத்தில் தட்டாமலே திறக்க ஆரம்பித்தது.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. திறந்தது அவன் அண்ணிதான். ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்து அவன் சந்துக்குள் திரும்புவான். ஒரு கால் அழுத்தமாக விழும், இன்னொன்று தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். முனை வீட்டை அவன் தாண்டும்போதே அவள் எழுந்துவிடுவாள். அடுப்பில் எது கொதித்தாலும் சரி, கொதிக்கட்டும். அவன் வாசலுக்கு வரும்போது கதவு திறந்திருக்கும், அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள்.

புருஷன், அதாவது இவனுடைய அண்ணன், உயிரோடு இருந்தபோது அவள் இப்படித்தான் நின்றாள். அவனும் ஐஸ் கம்பெனிதான். அவனுக்கும் இடது கால் கட்டைவிரல்தான், நகம் ஓரத்தில் சதைக்குள் இறங்கி வளர்ந்தது. ஒரு தடவை முழு நகத்தையும் பிடுங்கிவிட்டார்கள். வளர்ந்து மறுபடி உள்ளே போனது. மறுபடி பிடுங்கினார்கள், அதுவும் வளர்ந்தது. மூன்றாம் தடவை அவன் யாரிடமும் போகவில்லை. விரல் கறுத்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் பாதத்தை எடுத்தார்கள், அப்புறம் அவனே திரும்பி வரவில்லை. நகம் பிடுங்கப் போன மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரு முழுக்கப் பேசியது. அதன் பிறகு அண்ணி அடுப்படி மூலையில் உட்கார்ந்தவள்தான். கொடுத்தால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். யார் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்ததால் கம்பெனியில் ஒருவனைப் பெரிய பூட்ஸ் என்றும் இன்னொருவனைச் சின்ன பூட்ஸ் என்றும் கூப்பிட்டார்கள். கூத்து என்னவென்றால், பெரிய பூட்ஸுக்குக் கால் சின்னது, சின்ன பூட்ஸுக்குக் கால் பெரியது. அண்ணன் போன பிறகு அவனுடைய ரப்பர் பூட்ஸ் புதுசாகவே கிடந்தது. தம்பியின் பூட்ஸோ அடியில் கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நல்ல பூட்ஸ் வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்து மாட்டிக்கொண்டான். கொஞ்சம் இறுக்கும், போகப் போக விடும் என்று நினைத்தான். ரப்பர் விடவில்லை, நகம்தான் உள்ளே போனது.

ஐஸ் கம்பெனி வேலை வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் குளுகுளு வேலை. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். உப்புத் தண்ணீர்த் தொட்டி மேலே பலகை போட்டிருக்கும். பலகையைத் தூக்கினால் கீழே தகர டப்பாக்கள் வரிசையாக முங்கிக் கிடக்கும். உறைந்த டப்பாவைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் சறுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் கால் ஈரத்தில் ஊறும். ஊறின நகம் மெத்தென்று இருக்கும், பிளேடால் வெட்ட சுகமாக இருக்கும். அண்ணனும் தம்பியும் வேலை முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தை ஆழமாக வளைத்து வெட்டிக்கொள்வார்கள். உள்ளே குத்துகிற நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டினால் தொல்லை தீர்ந்தது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

இப்போது சின்ன பூட்ஸ் தனியாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தான். விரலோரம் பிதுங்கி, தொட்டால் சீழும் ரத்தமுமாக வந்தது.

"இன்னும் தோண்டு, தோண்டு. கிணறு வெட்டி முடிச்சதும் சொல்லு, மோட்டார் வைக்கலாம்" என்றார் மிஷின்காரர். அவர் கம்பிரஸரைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த இரைச்சலிலேயே இருந்து பாதிக் காது போய்விட்டதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்.

"வலிக்குதுண்ணே."

"வலிச்சா என்ன பண்ணுவான் ஐஸ்காரன்? தலைவலியா, ஐஸு. பல்வலியா, ஐஸு. பொண்டாட்டி திட்டுனாளா, தலையில ஐஸு. போயி ஸ்டோர் ரூம்ல காலை வை. உங்க அண்ணன் அப்படித்தான் வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்."

அவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. கொஞ்ச நாளாக அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, பூட்ஸைக் கழற்றி, ஐஸ் பார்களுக்கு நடுவில் தேங்கிய உருகல் தண்ணீரில் காலை வைத்தால் முதலில் உயிர் போகிற மாதிரி இருக்கும். அப்புறம் வலி தூரமாகப் போய்விடும். அதற்கும் அப்புறம் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த நிம்மதிக்காகவே அவன் அடுத்தவன் வேலையையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டான். வெளியே வந்து கால் சூடு ஏறினால்தானே வலி?

ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது பயமாக இருந்தது. மூச்சு வெள்ளையாக எழும். தன் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சும் எழுகிற மாதிரி இருக்கும். ஐஸ் பார் தன்பாட்டில் நெரிந்து சத்தம் போடுவது வழக்கம்தான், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்கிறான். ஆனாலும் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அண்ணன் கொக்கியைக் கீழே வைக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்க மாட்டான். பார்க்காமலே "தள்ளி உக்காருண்ணே" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியும்விட்டான்.

வீட்டில் அவன் பொண்டாட்டி வெந்நீரில் உப்பைப் போட்டு வைத்துக்கொண்டு அவனோடு மல்லுக்கு நிற்பாள்.

"காலை உள்ள வைங்க."

"சுடுதுடி."

"சுடத்தான் செய்யும். ஊருக்கே ஐஸு குடுக்கிறவரு, வெந்நீருக்கு இப்படிப் பயப்படலாமா? நாளைக்கு டாக்டர் கிட்ட போறோம்."

"அண்ணனும் டாக்டர் கிட்டதான் போச்சு."

அவள் வெந்நீரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுவாள்.

அண்ணி மட்டும் டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டாள். அவள் எண்ணெய் தேய்த்துத் தலை சீவ ஆரம்பித்திருந்தாள். குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். சாப்பிடும்போது ஒரு நாள் சிரித்தாள்கூட. அவன் பொண்டாட்டிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவளுக்கு உறுத்தியது.

"ஏங்க, அக்கா நல்லா இருக்காங்கல்ல?" என்று பாயை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்காங்க. நல்லதுதானே."

"நீங்க நொண்ட ஆரம்பிச்சதுல இருந்து நல்லா இருக்காங்க."

அவன் தலையணையைத் தட்டிப் போட்டான்.

"அவங்க பாக்கிறது உங்க காலை இல்லீங்க. வேற யாரு காலையோ பாக்கிறாங்க. ஒருத்திக்குப் போனவரு திரும்பி வராரு. எனக்கு இருக்கிறவரு போயிட்டிருக்காரு."

"உளறாத" என்றான். ஆனால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அது நடந்தது. மழைச் சத்தத்தில் காலடி எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தான். கதவு திறந்திருந்தது. அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக "வாங்க தம்பி" என்பாள். அன்றைக்கு அவள் குரலே வேறாக இருந்தது.

"வந்தாச்சா? காலைக் காட்டுங்க."

அவன் அப்படியே நின்றான். அந்த வார்த்தைகளை அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், அண்ணனுக்குப் பின்னால் நின்று. தனக்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணி என்று கூப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் அவள் அவனை முக்காலியில் உட்காரவைத்து, பூட்ஸை மெல்ல உருவி, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முனைக் கடையில் வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்த ஐஸ் கட்டியை விரல் மேல் அழுத்தினாள்.

"இப்போ வலிக்காது. கொஞ்ச நேரத்துல மரத்துடும். உங்களுக்குத்தான் இது புடிக்குமே."

அவன் காலை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை. வலி குறைந்தது ஒரு காரணம். அவள் முகம் இன்னொரு காரணம். அவ்வளவு அமைதியான முகத்தை அவன் அண்ணன் செத்ததிலிருந்து அந்த வீட்டில் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த நேரத்துக்கு அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே அவன் பொண்டாட்டி ஈரக் குடையோடு நின்றிருந்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. குனிந்து அவன் கட்டைவிரலைக் கிள்ளினாள். நகம் பதிகிற மாதிரி கிள்ளினாள்.

"தெரியுதா?"

"எது?"

அவள் குடையைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவனை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். அண்ணன் போன ஆஸ்பத்திரிக்குப் போக அவன் சம்மதிக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்த பெண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் விரல் நுனியில் குத்தி முதலில் சர்க்கரை பார்த்தாள். பிறகு காலை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க, நகத்துல சிற்பம் செதுக்குற வேலையா?" என்றாள்.

"ஐஸ் கம்பெனிங்க."

"ஓரத்தை இப்படி வளைச்சு வெட்டுனா, வெட்டின முனை சதைக்குள்ளதான் வளரும். நேரா வெட்டணும். பூட்ஸும் இறுக்கம், இல்லையா? சரி, சர்க்கரை இல்ல. தப்பிச்சீங்க. விரல் ஏன் இந்த நிறத்துல இருக்கு?"

அவன் ஐஸ் தண்ணீரைப் பற்றிச் சொன்னான். அவள் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"முழு நகத்தையும் புடுங்கிடுவீங்களா?" என்று கேட்டான்.

"எதுக்கு? முழுசாப் புடுங்கினா மறுபடி முளைக்கும், மறுபடி குத்தும். ஆரம்பத்துலயே வந்திருந்தா ஓரத்தைத் தூக்கிப் பஞ்சு வச்சே சரி பண்ணிருக்கலாம். இப்போ அது போதாது. சில பேருக்குப் பக்கத்துச் சதையவே வெட்டி எடுப்பாங்க, உங்களுக்கு அது தேவையில்ல. விரலுக்கு மட்டும் மரத்துப்போற ஊசி போட்டு, குத்துற பக்கம் நீளவாக்குல ஒரு பட்டை மட்டும் எடுப்பேன். அந்தப் பட்டை முளைக்கிற வேரைப் பீனால்னு ஒரு மருந்து தடவிக் கருக்கிடுவேன். அப்புறம் அந்த ஓரம் வளரவே வளராது. நகம் கொஞ்சம் ஒல்லியா இருக்கும், அவ்வளவுதான். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். முதல்ல சீழு வத்த மாத்திரை தரேன்."

"எங்க அண்ணனுக்கு ரெண்டு தடவை முழுசாப் புடுங்கினாங்க. வேருக்கு ஒண்ணும் பண்ணல" என்றான். பிறகு மிச்சத்தையும் சொன்னான். கறுத்த விரலை, எடுத்த பாதத்தை, அதற்கப்புறம் நடந்ததை.

"அவருக்குச் சர்க்கரை இருந்துச்சா?"

"ஆஸ்பத்திரில சேத்தப்புறம்தான் இருக்குன்னே சொன்னாங்க."

"அவரும் ஐஸ் வச்சாரா?"

"வேலை எடத்துல வச்சிக்கும். வீட்டுல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். பொண்டாட்டிதான் முடித்தாள். "வீட்டுல எங்க அக்கா வைப்பாங்க. தெனமும்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். "சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி ஏற்கனவே கம்மி. அதுக்கு மேல ஐஸு வச்சா ரத்த ஓட்டமும் குறையும். உள்ள அழுகறது அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. வலிதான் ஆளைக் கூப்பிடும். ஐஸு அதோட வாயை அடைச்சிருச்சு" என்றாள்.

வெளியே வந்து இரண்டு பேரும் மருந்துக் கடை வாசலில் நின்றார்கள். மாத்திரை வாங்க வந்ததே மறந்து போயிற்று.

"அக்காவுக்கு இது தெரியவே கூடாது" என்றாள் அவள்.

"தெரியக் கூடாது."

"நம்ம ரெண்டு பேரோட இது மண்ணாப் போகணும்."

சொல்லிவிட்டுத் தெருவிலேயே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணியோடு மனசுக்குள் இத்தனை நாள் சண்டை போட்டவள் அவள்தான்.

வீக்கம் வற்றியதும் ஆபரேஷன் செய்தார்கள். ஊசி போடும்போதுதான் உயிர் போயிற்று. அப்புறம் விரல் மரக்கட்டையாகிவிட்டது. மரத்துப் போவதை நினைத்துத்தான் அவன் அதிகம் பயந்தான். விரல் அடியில் ரப்பரைச் சுற்றி இறுக்கினார்கள். கத்தரி நகத்தைப் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் ஒரு பட்டையை இடுக்கியில் தூக்கிக் காட்டினாள். அரிசி உமியைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்காகவா ஒரு மனுஷன் போனான் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. மருந்து வாடை மூக்கில் ஏறியது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

வெள்ளைக் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அண்ணி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். கட்டைப் பார்த்ததும் உள்ளே ஓடித் துணியும் ஐஸுமாக வந்தாள்.

"ஐயோ, வேணாங்க்கா!" என்று கத்திவிட்டாள் அவன் பொண்டாட்டி. கத்தின பிறகுதான் தான் எப்படிக் கத்தினோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏன்?" என்றாள் அண்ணி.

"கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க அண்ணி" என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

அண்ணி கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அவருக்கு யாரும் அப்படிச் சொல்லலியே" என்றாள்.

புண் ஆறியது. கம்பெனியில் சண்டை போட்டுத் தன் அளவுக்குப் புது பூட்ஸ் வாங்கினான். மிஷின்காரர் அவன் நடந்து வருவதைப் பார்த்து, "மாப்பிள்ளை நடை வந்துடுச்சுடா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஸ்டோர் ரூமில் இப்போது ஒரு மூச்சுதான் எழுந்தது. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு அந்த அறை காலியாக இருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் சந்துக்குள் இரண்டு காலும் ஒன்றுபோல விழ நடந்து வந்தான். கதவு சாத்தியே இருந்தது. தட்டினால் அவன் பொண்டாட்டி வந்து திறந்தாள். அண்ணி அடுப்படி மூலைக்குப் போய்விட்டாள். தலை சீவவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தட்டு அப்படியே திரும்பி வரும். கன்னம் ஒட்டிப் போயிற்று. என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை. "ஒண்ணுமில்ல."

ஒரு காலையில் அவன் கிளம்பும்போது பொண்டாட்டி சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றேன்னு சிரிக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு நொண்டிக்கிட்டே வாங்களேன்."

"என்னடி பேசற?"

"நேத்தும் அக்கா ஒரு வாய் சாப்பிடல. அவங்க போயிடுவாங்க போலிருக்குங்க. என்னால பாக்க முடியல."

அன்றைக்கு வேலை முடிந்து சந்து முனையில் நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம் விட்டான். தனக்கே வெட்கமாக இருந்தது. இடது காலைத் தரையில் தேய்த்தான். ஒன்று அழுத்தம், ஒன்று தேய்ப்பு. அண்ணனுக்குப் பின்னால் வருஷக்கணக்காக நடந்தவன், அவனுக்கா தெரியாது? முனை வீட்டைத் தாண்டும்போது தானே செத்தவனை நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

கதவு திறந்தது.

அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. நேரா நடங்க."

அவன் இடது காலைப் பாதித் தேய்ப்பில் நிறுத்தினான்.

"வலிக்கிற காலு சத்தமே வேற. அது தரையைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கும். உங்க காலு யோசிக்கல."

"அண்ணி..."

"அன்னிக்கு உங்க பொண்டாட்டி கத்துனாளே. அவ கட்டைப் பாத்துக் கத்தல. என் கையைப் பாத்துக் கத்துனா." அண்ணி தன் இரண்டு கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அதுல இருந்து நான் அதையேதான் நினைச்சிட்டிருக்கேன். ஐஸு வச்சதுனாலதான், இல்ல?"

உள்ளே பொண்டாட்டி பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் நின்றது.

"சர்க்கரைதான் அண்ணி காரணம். ஐஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரே சொன்னாங்க. நான் கேட்டேன். நானே கேட்டேன்."

அண்ணி தலையைச் சாய்த்து, சந்துக்குள் வருகிற காலடியைக் கேட்பது போல அவன் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"உங்களுக்கு நொண்டவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல" என்றாள். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. "அவருக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் தம்பி வச்சேன்."

"தெரியும் அண்ணி."

"அவருக்கு வலிக்கல. அது நிஜம்தானே?"

"நிஜம்."

"சரி. உள்ள வாங்க."

அவள் நிலையை விட்டுவிட்டு உள்ளே போனாள். அவனால் போக முடியவில்லை. வாசல் படியில் பூட்ஸோடு உட்கார்ந்தான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், இப்போது முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி சத்தம் போட்டு அழுதான்.

பொண்டாட்டி ஓடி வந்தாள். அவளைத் தடுத்து உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"விடும்மா, அழுதுட்டு வரட்டும். நான் சோத்தைச் சூடு பண்றேன்."